வாசகர் கேள்விகள்: பென்சில் மனுவும் மீன்பிடிப் படகும்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி அமெரிக்க நீதிமன்றங்களைப் பற்றியவை. சிலர் கோபமாக எழுதியிருக்கிறார்கள், சிலர் குழம்பிப்போய். ஒருவர் என்னையே திட்டியிருக்கிறார், அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

கேள்வி: காலையில் ஒரு மாவட்ட நீதிபதி அதிபரின் உத்தரவுக்குத் தடை போடுகிறார். கொஞ்ச நாளில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடைக்கே தடை போடுகிறது. அதிபர் ஜெயித்தார் என்று ஒரு சேனல், இன்னும் இல்லை என்று இன்னொரு சேனல். நான் எதை நம்புவது? (எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: இரண்டு சேனலையும் அணைத்துவிட்டு, நீதிமன்றத்தின் முன்னால் இருந்த கேள்வி என்ன என்று மட்டும் பாருங்கள். 2025 ஜூன் 27 அன்று வந்த டிரம்ப் எதிர் காசா தீர்ப்பை எடுத்துக்கொள்வோம் (காசா என்பது இங்கே வழக்குப் போட்ட ஓர் அமைப்பின் பெயர், ஊர் இல்லை). அமெரிக்க மண்ணில் பிறக்கும் சில குழந்தைகளுக்குக் குடியுரிமை கிடையாது என்று அதிபர் 2025 ஜனவரியில் ஓர் உத்தரவு போட்டார். மூன்று மாவட்ட நீதிபதிகள், தனித்தனியாக, நாடு முழுக்க அதை நிறுத்திவைத்தார்கள். அரசு உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. ஆனால் ஓடிப்போய் என்ன கேட்டது? 'எங்கள் உத்தரவு சாசனப்படி சரியா தவறா என்று சொல்லுங்கள்' என்று கேட்கவில்லை. 'ஒரு மாவட்ட நீதிபதி, வழக்குப் போட்டவருக்கு மட்டும் நிவாரணம் கொடுக்காமல், நாட்டில் உள்ள எல்லோருக்கும் சேர்த்துத் தடை போடலாமா?' என்றுதான் கேட்டது. சாமர்த்தியமான கேள்வி, ஏனென்றால் இதில் ஜெயிக்க வாய்ப்பு அதிகம். 6-3 என்று ஜெயித்தும் விட்டார்கள். நீதிபதி பாரெட் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, 1789-ம் வருட நீதித்துறைச் சட்டம் அப்படிப்பட்ட அதிகாரத்தை மாவட்ட நீதிபதிகளுக்குக் கொடுத்திருக்க வாய்ப்பில்லை என்று சொன்னது. குடியுரிமை விஷயத்தை அந்தத் தீர்ப்பு தொடவே இல்லை.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஜூலை 10 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு மாவட்ட நீதிபதி பாதிக்கப்படக்கூடிய குழந்தைகளை எல்லாம் ஒரே தரப்பாகச் சேர்த்து, கூட்டு வழக்கு என்ற வேறு கதவு வழியாக அதே உத்தரவை மறுபடி நிறுத்திவைத்தார். காசா தீர்ப்பே அந்தக் கதவைத் திறந்துதான் வைத்திருந்தது. ஜூன் 27 அன்று குடியுரிமை போச்சு என்று எனக்கு போன் செய்து அழுதவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், தலைப்பு அப்படித்தான் போட்டிருந்தார்கள்.

இடைக்கால உத்தரவு என்பது வழக்கு முடியும்வரை யார் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்ற முடிவு, அவ்வளவுதான். சில சமயம் உச்ச நீதிமன்றம் வாய்மொழி வாதம் இல்லாமல், காரணமும் சொல்லாமல், ஒரே பத்தியில் இப்படி உத்தரவு போடும். 2015-ல் ஒரு சட்டப் பேராசிரியர் இதற்கு 'நிழல் பட்டியல்' என்று பெயர் வைத்தார், பெயர் ஒட்டிக்கொண்டது. காரணம் எழுதாத உத்தரவைக் கீழ் நீதிமன்றம் எப்படிப் பின்பற்றுவது என்பது எனக்கும் புரியாத விஷயம். இந்தப் பழக்கத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

கேள்வி: பிறப்பால் குடியுரிமை என்று பேச்சு வந்தாலே வோங் கிம் ஆர்க் என்று ஒரு பெயர் சொல்கிறார்கள். யார் அவர்? (ஃப்ரீமான்ட், கலிபோர்னியா)

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர்தான். 1873-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தவர், பெற்றோர் சீனர்கள், தொழில் சமையல். 1882-ல் சீனர்கள் உள்ளே வருவதைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. ஆகவே 1894-ல் சீனாவுக்குப் போய்வரக் கிளம்பும்போது, 'இவன் இங்கேதான் பிறந்தவன், எங்களுக்குத் தெரியும்' என்று வெள்ளையர்கள் கையெழுத்துப் போட்ட ஒரு தாளை முன்ஜாக்கிரதையாக வாங்கி வைத்துக்கொண்டுதான் கப்பல் ஏறினார். அந்தத் தாள் இன்றும் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, புகைப்படத்தோடு. பிறந்த ஊருக்குத் திரும்பி வர மற்றவர்கள் கையெழுத்து வேண்டியிருந்தது என்பதை அந்தத் தாளைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்வேன்.

1895 ஆகஸ்டில் திரும்பினார். தாளைப் பார்த்தும் அதிகாரி இறங்க விடவில்லை: நீ இங்கே பிறந்திருக்கலாம், ஆனால் குடிமகன் இல்லை. மாதக்கணக்கில் துறைமுகத்தில் நின்ற கப்பல்களிலேயே அவரை வைத்திருந்தார்கள், ஒரு கப்பல் கிளம்பினால் அடுத்த கப்பலுக்கு மாற்றுவார்கள். கரை கண்ணுக்குத் தெரியும். ஆட்கொணர்வு மனு போட்டு, மாவட்ட நீதிமன்றத்தில் ஜெயித்து, அரசு மேல்முறையீடு செய்து, கடைசியில் 1898 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்றம் 6-2 என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1868-ல் வந்த 14-வது திருத்தம், அமெரிக்காவில் பிறந்து அதன் 'அதிகார வரம்புக்கு உட்பட்ட' எல்லோரும் குடிமக்கள் என்கிறது. அந்த வரம்புக்கு வெளியே நிற்பவர்கள் வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள், ஆக்கிரமித்த எதிரிப் படையினரின் பிள்ளைகள் மாதிரி சிலர் மட்டுமே, அதோடு தங்கள் சொந்த ஆட்சிக்குக் கீழ் வாழ்ந்த பழங்குடியினர் என்று நீதிபதி கிரே எழுதினார். (பழங்குடியினருக்கு 1924-ல் தனிச் சட்டம் வந்தது.)

இன்றைய சண்டை முழுக்க அந்தத் தீர்ப்பில் வரும் இன்னொரு சொல்லைச் சுற்றித்தான். வோங்கின் பெற்றோர் இங்கே 'நிரந்தரமாகக் குடியிருந்தவர்கள்' என்று தீர்ப்பு திரும்பத் திரும்பச் சொல்கிறது. அது விதியின் ஒரு பகுதி என்கிறது ஒரு தரப்பு, அந்த வழக்கின் தகவலைச் சொல்லும் வர்ணனை என்கிறது மறுதரப்பு. தீர்ப்பின் பெரும்பகுதி பழைய ஆங்கிலப் பொதுச் சட்டத்தைப் பற்றியது. அந்தச் சட்டத்தில் பெற்றோர் எவ்வளவு காலம் தங்கினார்கள் என்ற கணக்கே கிடையாது. அதனால் என் ஓட்டு இரண்டாவது தரப்புக்கு.

ஒரு கசப்பான துணுக்கும் சொல்லிவிடுகிறேன். அந்த வழக்கில் வோங்குக்கு எதிராக நின்ற இருவரில் ஒருவர் நீதிபதி ஹார்லன். இரண்டு வருடம் முன்பு, 1896-ல், கறுப்பர்களுக்குத் தனி ரயில் பெட்டி செல்லும் என்று ஏழு நீதிபதிகள் சொன்ன பிளெஸ்ஸி வழக்கில், தனி ஆளாக எதிர்த்து எழுதியவரும் அதே ஹார்லன்தான். அந்தப் புகழ்பெற்ற மாறுபட்ட தீர்ப்புக்குள்ளேயே சீனர்களைப் பற்றி மட்டமாக ஒரு பத்தி இருக்கிறது. மேற்கோள் காட்டுபவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

கேள்வி: பணக்காரர்களும் பெரிய கம்பெனிகளும்தான் உச்ச நீதிமன்றம்வரை போக முடியும், சரிதானே? (டல்லாஸ், டெக்ஸாஸ்)

பதில்: தொண்ணூறு சதவீதம் சரி. மிச்சம் பத்துக்காக கிடியனின் கதையைச் சொல்கிறேன்.

1961 ஜூனில் ஃபுளோரிடாவில் பனாமா சிட்டி என்ற ஊரில் ஒரு பில்லியர்ட்ஸ் கிளப் உடைக்கப்பட்டது. போனது கொஞ்சம் சில்லறையும் சில பாட்டில்களும். கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்ற ஐம்பது வயது ஆளைப் பிடித்தார்கள். ஏற்கெனவே சிறைக்குப் போய்வந்தவர், கையில் காசில்லை. விசாரணை அன்று, எனக்கு வக்கீல் வைத்துக் கொடுங்கள் என்று நீதிபதியிடம் கேட்டார். மரண தண்டனை வழக்குக்கு மட்டும்தான் இந்த மாநிலத்தில் வக்கீல் தருவோம் என்றார் நீதிபதி. 'வக்கீல் பெறும் உரிமை எனக்கு உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது' என்றார் கிடியன். இதில் வேடிக்கை, உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லியிருக்கவே இல்லை. 1942-ல் பெட்ஸ் எதிர் பிரேடி வழக்கில் ஏறக்குறைய அதற்கு நேர்மாறாகத்தான் சொல்லியிருந்தது. மனிதர் தப்பான சட்டத்தை அவ்வளவு உறுதியோடு சொல்லியிருக்கிறார்.

தானே வாதாடினார், தோற்றார், ஐந்து வருடம். சிறையில் கொடுக்கும் கோடு போட்ட தாளில் பென்சிலால் ஒரு மனு எழுதி வாஷிங்டனுக்கு அனுப்பினார். எழுத்துப்பிழைகள் உண்டு, ஆனால் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். பொதுவாக உச்ச நீதிமன்றத்துக்கு மனு போவதென்றால் சின்னப் புத்தகமாக அச்சடித்து நாற்பது பிரதி கொடுக்க வேண்டும். அட்டையின் நிறத்துக்குக்கூட விதி உண்டு: முதல் மனுவுக்கு வெள்ளை, அதை எதிர்ப்பவருக்கு ஆரஞ்சு, வழக்கை ஏற்றபின் மனுதாரரின் வாதத்துக்கு இளநீலம், எதிர்தரப்புக்கு இளஞ்சிவப்பு, பதிலுரைக்கு மஞ்சள், மத்திய அரசு எதைத் தாக்கல் செய்தாலும் சாம்பல். இன்றைய கட்டணம் 300 டாலர். ஆனால் காசில்லாதவர் என்று உறுதிமொழி கொடுத்தால் கட்டணமும் இல்லை, அச்சும் வேண்டாம். கிடியன் போனது அந்த வழியில்.

நான்கு நீதிபதிகள் 'கேட்கலாம்' என்றால் போதும், வழக்கு ஏற்கப்படும். ஏற்றார்கள். வாதாட ஏப் ஃபோர்டஸ் என்ற வாஷிங்டனின் பெரிய வக்கீலை நீதிமன்றமே நியமித்தது. 1965-ல் அவரே அந்த நீதிமன்றத்தில் நீதிபதியாக உட்கார்ந்தார் என்பது தனிக்கதை. ஃபுளோரிடா அரசு மற்ற மாநிலங்களைத் துணைக்குக் கூப்பிட்டது. இரண்டு மாநிலங்கள் வந்தன. 22 மாநிலங்கள் கிடியன் பக்கம் போய் நின்றன! 1963 மார்ச் 18 அன்று ஒன்பது பேரும் ஒரே குரலில், கடுமையான குற்ற வழக்கில் வக்கீல் வைக்க வசதி இல்லாதவருக்கு அரசு வக்கீல் தர வேண்டும் என்றார்கள். எழுதியவர் நீதிபதி பிளாக். 1942-ல் பெட்ஸ் வழக்கில் தோற்ற பக்கம் நின்று எதிர்த்து எழுதியவரும் அவரே, 21 வருடம் காத்திருந்திருக்கிறார்.

ஆகஸ்டில் மறுவிசாரணை. இந்த முறை கிடியனுக்கு உள்ளூர் வக்கீல் ஒருவர். அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சியைக் குறுக்கு விசாரணையில் துருவி எடுத்தார். ஜூரிகள் ஒரு மணி நேரம் போல உட்கார்ந்து பேசிவிட்டு, குற்றவாளி இல்லை என்று வந்து சொன்னார்கள். அதே சாட்சி, அதே கிளப், மாறியது வக்கீல் மட்டும்.

சரி, தொண்ணூறு சதவீதம் என்று ஏன் சொன்னேன்? வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் மனுக்கள் போகின்றன, வாதம் கேட்டு முடிப்பவை அறுபது எழுபதுதான். உங்கள் மனு ஏற்கப்பட வேண்டுமானால் உங்களுக்கு நடந்தது அநியாயம் என்று காட்டினால் போதாது. அந்தச் சட்டக் கேள்வியில் கீழே உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஆளுக்கொன்றாகச் சொல்கின்றன என்று காட்ட வேண்டும். அதைத் தெரிந்து எழுதக்கூடிய வக்கீல்களின் மணிக்கணக்குக் கட்டணம்தான் நீங்கள் சொல்லும் பிரச்சினை.

கேள்வி: ஏன் ஒன்பது நீதிபதிகள்? (பெயர், ஊர் இல்லை)

பதில்: காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், அப்படி வைத்திருக்கிறது. சாசனத்தில் எண் கிடையாது. 1789-ல் ஆறு, உள்நாட்டுப் போர் சமயத்தில் பத்து, 1869 முதல் ஒன்பது. 1937-ல் ரூஸ்வெல்ட் பதினைந்துவரை ஏற்றப் பார்த்தார். சொந்தக் கட்சியே காலை வாரிவிட்டது.

கேள்வி: ஒரு தீர்ப்பை நேரடியாகப் படிக்க ஆசை. நூற்றைம்பது பக்கம் இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது? (ஆன் ஆர்பர், மிஷிகன், சட்ட மாணவர் இல்லை என்று குறிப்பிட்டிருக்கிறார்)

பதில்: சட்ட மாணவர் இல்லாததால்தான் ஆசை மிச்சம் இருக்கிறது. முதல் சில பக்கங்கள் சுருக்கம். அது அலுவலகத்தில் ஒருவர் தயாரிப்பது, தீர்ப்பின் பகுதி கிடையாது என்று அங்கேயே அச்சிட்டிருப்பார்கள். வழி தெரிந்துகொள்ள அது போதும். அப்புறம் பெரும்பான்மைத் தீர்ப்பின் கடைசி வரிக்குத் தாவுங்கள். 'உறுதி செய்யப்படுகிறது' என்றால் கீழ் நீதிமன்றம் சொன்னது நிற்கும். 'ரத்து செய்து திருப்பி அனுப்பப்படுகிறது' என்றால் இன்னும் ஆட்டம் முடியவில்லை, கீழே மறுபடி நடக்கும். செய்தியில் 'வரலாற்றுத் தீர்ப்பு' என்று வருவதில் பாதி இந்த இரண்டாவது ரகம்.

பழக நல்ல தீர்ப்பு ஒன்று சொல்லட்டுமா? 2024 ஜூன் 28 அன்று வந்த லோப்பர் பிரைட். நியூ ஜெர்சியின் கேப் மே பகுதியில் ஹெர்ரிங் மீன் பிடிக்கும் சின்னப் படகுக்காரர்கள் போட்ட வழக்கு. படகில் அரசு சார்பில் ஒரு பார்வையாளர் ஏறி, எவ்வளவு மீன் பிடிக்கிறீர்கள் என்று குறித்துக்கொள்வார். அவரைப் படகில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அவருடைய சம்பளம் யார் கையிலிருந்து என்று இந்த ரக மீனுக்குச் சட்டம் சொல்லவில்லை. மீன்வளத் துறை, அதைப் படகுக்காரரே கொடுக்க வேண்டும் என்று விதி போட்டது, ஒரு நாளைக்கு 710 டாலர் வரை. ஐந்தாறு பேர் வேலை செய்யும் படகில் அது சின்னத் தொகை இல்லை.

கீழ் நீதிமன்றங்களில் தோற்றார்கள், காரணம் 1984-ல் வந்த செவ்ரான் தீர்ப்பு. சட்டத்தில் தெளிவில்லாத இடத்தில், சம்பந்தப்பட்ட துறை கொடுக்கும் விளக்கம் நியாயமாக இருந்தால் நீதிபதி அதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அதன் விதி. உச்ச நீதிமன்றம் அந்த நாற்பது வருட விதியையே தூக்கிப் போட்டது: சட்டத்துக்கு எது சரியான பொருள் என்று முடிவு செய்வது நீதிபதியின் வேலை, துறையின் கருத்தைக் கேட்டுக்கொள்ளலாம், கட்டுப்பட வேண்டியதில்லை. சுற்றுச்சூழல், மருந்து, பங்குச் சந்தை என்று எல்லாத் துறை விதிகளையும் இது தொடும். ஆனால் கடைசி வரியைப் பாருங்கள், 710 டாலரை யார் கட்டுவது என்று தீர்ப்பு சொல்லவில்லை. கீழே போய் மறுபடி வாதாடுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டது.

நீதிபதி கேகன் எழுதிய மாறுபட்ட தீர்ப்பையும் விடாமல் படியுங்கள், சுவாரசியமான எழுத்து. எந்தப் பக்கம் நின்றாலும் எதிர்ப்பக்கத்தில் நன்றாக எழுதக்கூடியவர் யார் என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. கன்சர்வேடிவ் பக்கத்தில் எனக்கு நீதிபதி கோர்சச்சின் நடை பிடிக்கும், கிரிமினல் வழக்குகளில் அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று ஊகிக்கவே முடியாது.

கேள்வி: நீதிமன்றத்திடம் போலீஸும் இல்லை, பணமும் இல்லை. அதிபர் 'முடியாது போ' என்றால்? (சிகாகோ)

பதில்: முடியாது என்று நேரடியாகச் சொன்ன அதிபர் என்று ஆண்ட்ரூ ஜாக்சனைத்தான் காட்டுவார்கள். 1832-ல் செரோக்கி பழங்குடியினரின் நிலத்தில் ஜார்ஜியா மாநிலச் சட்டம் செல்லாது என்று தலைமை நீதிபதி மார்ஷல் சொன்னபோது, 'மார்ஷல் தீர்ப்புச் சொல்லிவிட்டார், அவரே வந்து அமல்படுத்தட்டும்' என்று ஜாக்சன் சொன்னதாகப் பாடப்புத்தகம் வரை ஏறிவிட்டது. அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் இல்லை, பல வருடம் கழித்து அச்சில் வந்த வாசகம் அது. அந்தத் தீர்ப்பு ஜாக்சனுக்கு எந்த உத்தரவும் போடவும் இல்லை. அதனால் அவர் நல்லவர் ஆகிவிட மாட்டார், செரோக்கிகளுக்கு அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

நான் அதிகம் யோசிப்பது ட்ரூமனைப் பற்றி. கொரியப் போர் நடக்கிறது, 1952 ஏப்ரலில் எஃகு ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்யப் போகிறார்கள். வேலைநிறுத்தம் தொடங்கச் சில மணி நேரம் முன்பு, நாட்டின் எஃகு ஆலைகளை அரசு கையில் எடுக்கிறது என்று ட்ரூமன் அறிவித்தார். அப்படி எடுக்க காங்கிரஸ் சட்டம் எதுவும் கொடுக்கவில்லை. இரண்டு மாதத்துக்குள், ஜூன் 2 அன்று, உச்ச நீதிமன்றம் 6-3 என்று செல்லாது சொன்னது. அந்த நீதிபதிகளில் ஒருவர் விடாமல் எல்லோருமே ட்ரூமனோ ரூஸ்வெல்ட்டோ நியமித்தவர்கள். ட்ரூமனுக்கு எரிச்சல்தான், ஆனால் அன்றே ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். வேலைநிறுத்தம் ஐம்பது நாளுக்கு மேல் ஓடியது. அப்புறம் நீதிபதி பிளாக் (கிடியன் வழக்கில் வந்த அதே பிளாக்) தன் வீட்டுக்கு ட்ரூமனையும் மற்ற நீதிபதிகளையும் விருந்துக்குக் கூப்பிட்டாராம். முறைப்பாக உட்கார்ந்திருந்த ட்ரூமன், கொஞ்ச நேரம் கழித்து, உங்கள் சட்டம் எனக்குப் பிடிக்கவில்லை, உங்கள் விஸ்கி நன்றாக இருக்கிறது என்றாராம். விருந்துக்குப் போன இன்னொரு நீதிபதி எழுதிவைத்தது.

அந்த வழக்கில் இன்று எல்லோரும் எடுத்துக் காட்டுவது பெரும்பான்மைத் தீர்ப்பை இல்லை, நீதிபதி ஜாக்சன் (மேலே சொன்ன ஜாக்சன் வேறு, இவர் ராபர்ட்) முடிவை ஒப்புக்கொண்டு, தன் காரணங்களைத் தனியாக எழுதிய இசைவுத் தீர்ப்பை. காங்கிரஸ் கொடுத்த அதிகாரத்தோடு அதிபர் நடந்தால் அவர் கை ஓங்கியிருக்கும், காங்கிரஸ் வாயே திறக்காத விஷயம் என்றால் அந்திநேரம் மாதிரி மங்கலான இடம், காங்கிரஸின் விருப்பத்துக்கு எதிராக நடந்தால் அதிபரின் கை மிகத் தாழ்ந்திருக்கும். அதிபரின் அதிகாரம் பற்றி எந்த வழக்கு வந்தாலும் இரண்டு தரப்பும் இந்த அளவுகோலைத்தான் கையில் எடுக்கும். சொன்னவர் ரூஸ்வெல்ட்டிடம் அட்டர்னி ஜெனரலாக இருந்து, அதிபரின் அதிகாரத்துக்காக வக்காலத்து வாங்கியவர். உள்ளே இருந்து பார்த்த ஆள் என்பதால் அந்த எழுத்துக்குக் கனம் அதிகம்.

1957-ல் லிட்டில் ராக்கில் ஒன்பது கறுப்பு மாணவர்களைப் பள்ளிக்குள் விட மாட்டேன் என்று ஆளுநர் மாநிலப் படையை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். பள்ளிகளில் கறுப்பு, வெள்ளை மாணவர்களைப் பிரித்துவைக்கக் கூடாது என்ற 1954 தீர்ப்பில் அதிபர் ஐசன்ஹோவருக்குப் பெரிய உற்சாகம் ஒன்றும் கிடையாது, ஆனாலும் தரைப்படையின் 101-வது வான்வழிப் பிரிவை அனுப்பி மாணவர்களை உள்ளே அழைத்துப்போகச் செய்தார். 1974 ஜூலை 24 அன்று, வாட்டர்கேட் ஊழல் விசாரணைக்காக வெள்ளை மாளிகை ஒலிநாடாக்களைக் கொடு என்று அதிபர் நிக்சனுக்கு எதிராக 8-0 தீர்ப்பு வந்தபோது, அதில் மூன்று பேர் நிக்சன் தானே நியமித்தவர்கள். கொடுத்தார், பதினைந்தாம் நாள் ராஜினாமாவை அறிவித்தார். ஆக, உங்கள் கேள்விக்குப் பதில்: சாசனத்தில் இதற்கு ஏற்பாடு எதுவும் இல்லை. கீழ்ப்படியாமல் போனால் கொடுக்க வேண்டிய அரசியல் விலையைப் பார்த்துத்தான் இதுவரை கீழ்ப்படிந்திருக்கிறார்கள்.

கேள்வி: உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டால் அதற்குமேல் அப்பீலே கிடையாதா? (ராலே, வட கரோலினா)

பதில்: அவர்கள் எதற்கு விளக்கம் சொன்னார்கள் என்பதைப் பொறுத்தது. அலபாமாவில் குட்இயர் டயர் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்த லில்லி லெட்பெட்டருக்கு ஒருநாள் பெயரில்லாத ஒரு துண்டுச்சீட்டு கிடைத்தது. அதில் அவருடைய சம்பளமும், அதே வேலை பார்த்த ஆண்களின் சம்பளமும். அவருக்கு மாதம் 3,727 டாலர், ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286. வழக்குப் போட்டார். சம்பளத்தை முடிவு செய்த 180 நாளுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும், காலம் கடந்துவிட்டது என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் 5-4 தள்ளுபடி செய்தது. சக ஊழியரின் சம்பளம் தெரியாமல் எப்படிப் புகார் கொடுப்பது? நீதிபதி கின்ஸ்பர்க் தன் மாறுபட்ட தீர்ப்பை நீதிமன்றத்தில் வாசித்துக் காட்டி, பந்து இப்போது காங்கிரஸிடம் என்றார். இது சாசனத்தைப் பற்றிய வழக்கு இல்லை, காங்கிரஸ் போட்ட சட்டத்தைப் பற்றியது. ஆகவே காங்கிரஸ் சட்டத்தை மாற்றியது, ஒவ்வொரு சம்பளச் சீட்டும் கணக்கைப் புதிதாகத் தொடங்கும் என்று. 2009 ஜனவரி 29 அன்று ஒபாமா கையெழுத்துப் போட்ட முதல் சட்டம் அது. லெட்பெட்டருக்கு ஒரு காசு வரவில்லை.

சாசனத்தை வைத்துச் சொன்ன தீர்ப்பென்றால் கஷ்டம். அந்த நீதிமன்றமே மனம் மாற வேண்டும், பிளெஸ்ஸி போய் 1954-ல் பிரவுன் வந்தது மாதிரி. இல்லையென்றால் திருத்தம்: இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, அப்புறம் 38 மாநிலங்கள். மொத்தம் 27 திருத்தங்கள்தான் இதுவரை. கடைசியாக வந்தது 1789-ல் முன்மொழிந்து 1992-ல் நிறைவேறியது, எம்.பி.க்கள் சம்பள உயர்வு அடுத்த தேர்தலுக்கு அப்புறம்தான் அமலாகும் என்பது. அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று 1982-ல் டெக்ஸாஸ் பல்கலைக்கழக மாணவர் கிரெகரி வாட்சன் ஒரு கட்டுரை எழுதினார், 'சி' கிரேடு வந்தது. கடுப்பில் மாநிலம் மாநிலமாகக் கடிதம் போட ஆரம்பித்து, பத்து வருடத்தில் நிறைவேற்றியே விட்டார். 2017-ல் பல்கலைக்கழகம் கிரேடை 'ஏ' ஆக்கிக் கொடுத்தது.

கேள்வி: சென்ற இதழில் கருக்கலைப்பு உரிமை பற்றிய ரோ எதிர் வேட் தீர்ப்பு 5-4 என்று எழுதியிருக்கிறீர்கள். அது 7-2. அதை ரத்து செய்த டாப்ஸ் தீர்ப்பை ஒரு பக்கத்தில் 6-3 என்றும் இன்னொரு பக்கத்தில் 5-4 என்றும் எழுதியிருக்கிறீர்கள். அச்சுக்கு அனுப்பும் முன் படித்துப் பார்க்கும் வழக்கம் உண்டா? (சியாட்டில்)

பதில்: ரோ விஷயத்தில் தவறு என்னுடையது, 1973-ல் 7-2 தான். மன்னிக்கவும்.

டாப்ஸில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன், அங்கே இரண்டு எண்ணும் சரி. விளக்காமல் விட்டதுதான் என் தப்பு. பதினைந்து வாரத்துக்கு மேல் கருக்கலைப்பு கூடாது என்ற மிஸ்ஸிஸிப்பி சட்டம் செல்லுமா என்பது ஒரு கேள்வி. செல்லும் என்றவர்கள் ஆறு பேர். ரோ தீர்ப்பையே ரத்து செய்ய வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. அதற்கு ஆம் என்றவர்கள் ஐந்து பேர். தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் முதல் கேள்விக்கு ஆம் சொல்லிவிட்டு, இரண்டாவதை இந்த வழக்கில் தொட வேண்டிய அவசியமே இல்லை என்று தனியாக எழுதிவிட்டு நின்றுகொண்டார்.